அந்தக் கல்லில் குளச்சல் என்ற பெயரே இல்லை

நீங்கள் கேட்டிருப்பது இதுதான்: குடும்பத்தோடு பத்மநாபபுரம் அரண்மனை பார்த்துவிட்டு, பிள்ளைகளுக்காக உதயகிரிக் கோட்டைப் பூங்காவுக்குப் போனீர்கள். மான்களைப் பார்த்துப் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்த நேரத்தில், கூரையில்லாத ஒரு பழைய கட்டடத்துக்குள் டிலனாய் என்ற வெள்ளைக்காரர் ஒருவரின் கல்லறை கண்ணில் பட்டது. அங்கே நின்ற ஒருவர், "குளச்சல் போரில் தோற்ற டச்சுத் தளபதி, மகாராஜா பிடித்துக் கொண்டுவந்தார்" என்று சொன்னார். 1741-ல் திருவிதாங்கூர் டச்சுக்காரர்களை வென்ற போர் அது. தோற்ற எதிரிக்குக் கோட்டைக்குள் நினைவிடம் எதற்கு, கல்லில் தமிழ் எப்படி வந்தது, இதில் எவ்வளவு நிஜம், எவ்வளவு கதை? கேள்வியைப் பார்த்தால் மூன்று. எனக்கு ஒன்றாகத்தான் தெரிகிறது. அங்கே இருப்பது திருவிதாங்கூரின் வெற்றிச் சின்னமா, இல்லை ஒரு மனிதனின் கல்லறையா?

கல்லறைதான். ஆனால் இந்த ஒரு சொல்லில் விட்டுவிட முடியாது. நான் கல்குளம் வட்டாரப் பள்ளிகளில் இருபத்தெட்டு வருடம் வரலாறு நடத்தியவன். நடுவில் சில மாதம் கல்வெட்டுப் பயிற்சியும் எடுத்தேன். அந்தக் கல்லின் முன்னால் எத்தனை தடவை பிள்ளைகளை உட்காரவைத்திருப்பேன் என்று கணக்கில்லை. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எனக்கு இலத்தீன் தெரியாது. தெரிந்த ஒரு பாதிரியாரைக் கூட்டிக்கொண்டு போய், அவர் வாசிக்க வாசிக்க எழுதிக்கொண்டேன். அதனால் இலத்தீன் இலக்கணத்தில் யாராவது என்னோடு மல்லுக்கு நின்றால் உடனே கையைத் தூக்கிவிடுவேன்.

முதலில் இடம். நாகர்கோவிலில் இருந்து திருவனந்தபுரம் போகும் சாலையில் 14 கிலோமீட்டர், தக்கலைக்குச் சற்று முன்னால், புலியூர்க்குறிச்சி. சுமார் 260 அடி உயரமுள்ள தனிக் குன்று ஒன்றைச் சுற்றிக் கருங்கல் மதில். உள்ளே ஏறத்தாழ 90 ஏக்கர். 1600-ஐ ஒட்டியே இங்கே ஒரு கோட்டை இருந்தது. இன்று நாம் பார்க்கும் கல் மதில், 1729 முதல் 1758 வரை திருவிதாங்கூரை ஆண்ட மார்த்தாண்ட வர்மா 1740-களில் எடுத்துக் கட்டியது. வேலையை முன்னின்று நடத்தியவர் அந்தக் கல்லறைக்குள் இருக்கும் டிலனாய். பீரங்கி வார்க்கும் உலையும் உள்ளேயே இருந்தது. தலைநகரம் பக்கத்தில் பத்மநாபபுரத்தில் இருந்ததால், அரண்மனைக்குக் காவலாக நின்ற படைத்தளம் இது. மானும் பறவைக் கூண்டும் மர வீடும் நேற்று வந்தவை. வனத்துறை இதைப் பல்லுயிர்ப் பூங்கா ஆக்கியது. கல்லறை, மதில் போன்ற பழைய கட்டுமானங்கள் மத்தியத் தொல்லியல் துறையின் பொறுப்பு. ஒரே வாசலுக்குள் இரண்டு துறை. சீட்டு வாங்கி உள்ளே போகிற ஆளுக்கு இது பூங்கா. கல்லறை, போகிற வழியில் தட்டுப்படுகிற ஒன்று. உங்களுக்கு வந்த குழப்பத்துக்குப் பாதிக் காரணம் அதுதான்.

இனி கல். "வழிப்போக்கனே, நில்" என்ற பாணியில்தான் தொடங்குகிறது. ஐரோப்பாவில் பழைய கல்லறைகளில் அப்படி எழுதுவது வழக்கம். அப்புறம் செய்தி. இங்கே யூஸ்டாக்கியஸ் பெனடிக்டஸ் டிலனாய் துயில்கிறார், திருவிதாங்கூர்ப் படைக்குத் தளபதியாக இருந்தார், ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்குப் பணி செய்தார், காயங்குளம் முதல் கொச்சி வரையுள்ள அரசுகளையெல்லாம் ஆயுத பலத்தாலும் அச்சத்தாலும் மன்னருக்கு அடக்கிக் கொடுத்தார், 62 ஆண்டு 5 மாதம் வாழ்ந்து 1777 ஜூன் 1-ஆம் தேதி இறந்தார், அமைதியில் இளைப்பாறுக. நான் சுருக்கிச் சொல்கிறேன், ஆனால் சாரம் இவ்வளவுதான். அங்கே போகிற எல்லாப் பிள்ளைகளிடமும் நான் ஒரு கேள்வி கேட்பேன்: "இதில் என்ன இல்லை?" முதலில் முழிப்பார்கள். பிறகு யாராவது ஒரு பிள்ளை மெதுவாகச் சொல்லும்: "சார், குளச்சல் இல்ல." ஆமாம். குளச்சல் இல்லை. டச்சு இல்லை. தோல்வியும் சரணும் இல்லை. அவரை அடக்கம் செய்தவர்கள் அவரைப் பற்றிச் சொல்ல நினைத்ததில், நமக்கு முதலில் ஞாபகம் வருகிற விஷயம் ஒன்றுகூடக் கிடையாது.

குளச்சலின் நினைவுச் சின்னம் குளச்சலில் இருக்கிறது, கடற்கரைப் பக்கம் நிற்கும் வெற்றித் தூண். அது வெற்றி பெற்றவர்களின் நினைவு. அரண்மனையில் நீங்கள் பார்த்திருப்பீர்கள், மார்த்தாண்ட வர்மாவின் முன் ஒரு வெள்ளைக்காரர் பணிந்து ஆயுதத்தை ஒப்படைக்கும் ஓவியம். அது கண்ணால் கண்டு வரைந்ததல்ல, பின்னாளைய கற்பனை. நம் மனதில் பதிந்திருக்கிற டிலனாய் அந்த ஓவியத்தில் இருக்கிற ஆள். அரண்மனையில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, அந்தக் கண்ணோடு நேரே பூங்காவுக்கு வந்து கல்லறையைப் பார்க்கிறோம். சுற்றுலா வேன்கள் போகிற வரிசையே அதுதானே. வரிசையை மாற்றிப் போனால் வேறு ஆள் தெரிவார்.

"டச்சுத் தளபதி" என்பதில் இரண்டு சொல்லும் ஆட்டம் காண்கிற சொற்கள். அவர் டச்சுக் கிழக்கிந்திய நிறுவனத்தின் சம்பளக்காரர், அதில் சந்தேகமில்லை. ஆனால் பிறப்பால் டச்சுக்காரர் அல்ல. பெயரே பிளாண்டர்ஸ் பக்கத்துப் பெயர். பிறந்த ஊர் அர்ராஸ் என்று ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள், அது அப்போதே பிரான்சின் கையில் இருந்த ஊர். டச்சு நிறுவனம் புராட்டஸ்டண்டுகளின் நிறுவனம், இவரோ கத்தோலிக்கர். கல்லில் இலத்தீன் இருப்பதற்கும் அதுவே காரணம். அடுத்து, தளபதி. குளச்சலில் டச்சுப் படைக்குத் தலைமை வகித்தவர் இவர் அல்ல. டச்சு ஆவணங்களை அலசிய ஆய்வுகள் அவரைக் கீழ்நிலைப் படைவீரராகவே காட்டுகின்றன. போரில் பிடிபட்டாரா, அணி மாறி வந்தாரா என்பதில்கூட கருத்து வேறுபாடு உண்டு. மேடைப் பேச்சுகளில் வருகிற "அட்மிரல் டிலனாய்" நம் ஊர்ப் பதவி உயர்வு. ஒரு மன்னர் கடற்படைத் தலைவனைப் பிடித்தார் என்றால் கதைக்குக் கம்பீரம். சாதாரண சிப்பாய் ஒருவனைப் பிடித்து அவனுக்குள் இருந்த தளபதியைக் கண்டுபிடித்தார் என்றால், என்னைக் கேட்டால், மன்னருக்கு அதுதான் கூடுதல் பெருமை.

போரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும். சண்டைக்கு மூலம் மிளகு. மார்த்தாண்ட வர்மா வடக்கே சிற்றரசுகளை ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டு வந்தபோது, அந்தச் சிற்றரசுகளோடு மிளகு ஒப்பந்தம் வைத்திருந்த டச்சுக்காரர்களுக்கு வயிறு எரிந்தது. இலங்கையில் ஆளுநராக இருந்த வான் இம்ஹாப் மிரட்டிப் பார்த்தார், எடுபடவில்லை. குளச்சலில் படை இறங்கியது. ஆனால் இறங்கின இடத்திலேயே முற்றுகைக்குள் சிக்கிக்கொண்டார்கள். டச்சு முகாமுக்குள் இருந்த வெடிமருந்தில் நெருப்புப் பிடித்து, அரிசிக் கையிருப்பும் சேர்ந்து எரிந்துபோனது சரணுக்கு முக்கியக் காரணம் என்கிறார்கள். பசி முடித்துவைத்த போர் என்றுகூடச் சொல்லலாம். தேதி கேட்டால் இரண்டு பதில் கிடைக்கும்: 1741 ஆகஸ்ட் 10 என்று பல புத்தகங்கள், ஜூலை 31 என்று வேறு சில. திருவிதாங்கூர் நாயர் படையின் வழிவந்த மெட்ராஸ் ரெஜிமென்டின் 9-ஆவது பட்டாலியன் குளச்சல் நாளாகக் கொண்டாடுவது ஜூலை 31-ஐத்தான். பழைய காலண்டர், புதிய காலண்டர் வித்தியாசம் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அந்த நூற்றாண்டில் அந்த இடைவெளி 11 நாள், இங்கேயோ 10. முழுசாகப் பொருந்தவில்லை. ஆண்டும் ஆடி மாதமும் உறுதி, நாளைப் பற்றி யாராவது அடித்துப் பேசினால் கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

இனி உங்கள் முதல் கேள்வி. எதிரிக்கு ஏன் இந்த மரியாதை? அவர் இறந்தபோது எதிரியாக இல்லை, அவ்வளவுதான். சிறைப்பட்டோ அணி மாறியோ இந்தப் புலியூர்க்குறிச்சிக்கு வந்தபோது இளைஞர். இறக்கும்போது அறுபதைத் தாண்டிய கிழவர். நடுவில் ஓடியது ஒரு முழு வாழ்க்கை. மார்த்தாண்ட வர்மாவுக்கு அன்று தேவைப்பட்டது வீரம் இல்லை, அது இங்கே தாராளமாகக் கிடைத்தது. உள்ளூர்ப் பிரபுக்களான மாடம்பிமாரும் பிள்ளைமாரும் கூப்பிட்டால் வருகிற, கோபித்துக்கொண்டால் போய்விடுகிற ஆட்களை வைத்து ஒரு அரசை நிறுத்த முடியாது. மன்னரிடம் நேரே சம்பளம் வாங்குகிற, ஒரே மாதிரி நடை போடுகிற, சொன்ன நொடியில் துப்பாக்கி வெடிக்கிற நிரந்தரப் படை வேண்டும். டிலனாய் செய்தது அந்த வேலை. முதலில் கொஞ்சம் பேருக்குப் பயிற்சி, அது பிடித்துப்போகவே இன்னும் கொஞ்சம் பேர், பிறகு பீரங்கி, பிறகு கோட்டைகள். பத்மநாபபுரம் மதில், கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் கடலுக்குள் மூக்கை நீட்டி நிற்கும் வட்டக்கோட்டை, வடக்கே கொச்சி எல்லையில் நெடுங்கோட்டை என்று அவர் கைபட்ட இடங்கள் நிறைய. 1789 டிசம்பர் கடைசியில் திப்பு சுல்தானின் படை அந்த நெடுங்கோட்டையில்தான் முதல் அடி வாங்கியது. அப்போது டிலனாய் இறந்து பன்னிரண்டு வருடம் ஆகியிருந்தது. மக்கள் அவரைக் கூப்பிட்டது வலிய கப்பித்தான், அதாவது பெரிய கேப்டன் என்று. கோட்டைக்கே டிலனாய் கோட்டை என்று ஒரு பெயர் இருந்தது. ஆக, இந்தக் கோட்டை அவருக்கு முதலில் சிறையாக இருந்திருக்கலாம், பிறகு வேலைத்தலம், பிறகு வீடு. கடைசியில் அவரைப் புதைத்ததும் இங்கேதான். அவர் படுத்திருக்கும் அந்தக் கூரையில்லாத கட்டடம் கோட்டைக்குள் இருந்த சிற்றாலயம். வழிபாட்டு இடத்தில் அடக்கம் செய்திருக்கிறார்கள்.

கல் சொல்வதை எல்லாம் அப்படியே நம்பிவிடவும் கூடாது. கல்லறைக்கு எழுதுகிறவன் யாரும் கஞ்சத்தனமாக எழுதுவதில்லை. காயங்குளம் முதல் கொச்சி வரை எல்லா அரசுகளையும் இவரே அடக்கினார் என்பது மிகை. காயங்குளத்தோடு சண்டை குளச்சலுக்கு முன்பே தொடங்கிவிட்டது. வடக்குப் படையெடுப்புகளின் மூளையும் முதுகெலும்புமாக இருந்தவர் மன்னரின் தலைமை அமைச்சரான தளவாய் இராமய்யன், 1756-ல் இறந்தவர். அம்பலப்புழையும் தெக்கும்கூரும் வடக்கும்கூரும் விழுந்ததில் அவருடைய பங்கைத் தள்ளிவிட்டு டிலனாயின் பீரங்கியை மட்டும் பேசுவது நியாயமில்லை. ஐரோப்பியர் ஒருவர் வந்துதான் நமக்குப் போர் சொல்லிக்கொடுத்தார் என்று முடிப்பவர்களும் உண்டு, அதில் எனக்கு உடன்பாடில்லை. இவர் கையில் துப்பாக்கிப் பயிற்சி முறையும் கோட்டை கட்டும் கணக்கும் இருந்தது. எங்கே, எப்போது, யார்மேல் என்று முடிவெடுத்தவர்கள் வேறு ஆட்கள்.

இப்போது எனக்குப் பிடித்த இடத்துக்கு வருகிறேன். கல்லில் உள்ள எண்களைக் கூட்டிக் கழித்துப் பாருங்கள். 1777 ஜூன் 1-இல் இருந்து 62 ஆண்டு 5 மாதம் பின்னால் போனால், பிறந்தது 1714 கடைசியில் அல்லது 1715 பிறந்த கையோடு. ஆனால் பல இடங்களில் அவர் பிறந்த நாள் 1715 டிசம்பர் 30 என்று வருகிறது. அப்படியானால் வயது 61 ஆண்டு 5 மாதம்தான். சரியாக ஒரு வருடம் உதைக்கிறது. அதேபோல, 1741 ஆகஸ்டில் இருந்து 1777 ஜூன் வரை எண்ணினால் 36 ஆண்டுகூட நிறையவில்லை. கல்லோ ஏறக்குறைய 37 என்கிறது. அங்கேயும் ஒரு வருடம் அதிகம். இரண்டு இடத்திலும் ஒரே பக்கமாக ஒரே அளவு பிசகினால், அது தவறாக இருக்கிற வாய்ப்பு குறைவு, எண்ணும் முறையில் ஏதோ இருக்கிறது என்றுதான் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். திருவிதாங்கூரில் புழங்கிய, ஆவணியில் பிறக்கும் கொல்லம் ஆண்டில் போட்டுப் பாருங்கள். குளச்சல் போர் கொல்லம் 916, ஆடியில்; ஆண்டு மாறச் சில நாள்தான் பாக்கி. இறந்தது கொல்லம் 952. 916-ஐயும் 952-ஐயும் சேர்த்து எண்ணினால் சரியாக 37! வயதுக்கும் அதே மாதிரி. நம் பாட்டாமார் "எனக்கு அறுபத்திரெண்டு நடக்கு" என்று சொல்வது அறுபத்தொன்று முடிந்த பிறகுதானே? நடக்கிற வருடத்தையும் சேர்த்துச் சொல்வது நம் வழக்கம். இலத்தீனில் எழுதியவருக்கு இந்தக் கணக்கை உள்ளூர்க்காரர் யாரோ வாய்மொழியாகச் சொல்லியிருக்கவேண்டும் என்பது என் ஊகம். ஊகம் மட்டும்தான், இதை எங்கேயும் நிரூபிக்கப்பட்ட விஷயமாக எடுத்துப் போடாதீர்கள். ஆனால் இலத்தீன் எழுத்துக்குள் கொல்லம் ஆண்டு ஒளிந்திருக்கிறது என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஒரு சின்ன சந்தோஷம்.

தமிழ் எப்படி வந்தது என்றால், வேறு எந்த மொழி வரும் என்றுதான் திருப்பிக் கேட்கவேண்டும். அரண்மனை மலையாளம் பேசியிருக்கலாம். கல்குளம், இரணியல், நாஞ்சில் நாடு எல்லாம் தமிழ் புழங்கிய மண். சுசீந்திரம் கோயிலுக்குப் போனால் தமிழ்க் கல்வெட்டுகளுக்குப் பஞ்சமில்லை. இலத்தீன், சபைக்கும் சொர்க்கத்துக்கும். தமிழ், கோட்டைக்குள் நடமாடிய மனிதர்களுக்கு. கல்லில் இரண்டு மொழி வெட்டியது அலங்காரத்துக்கு இல்லை, வாசிப்பவர்கள் இரண்டு வகையாக இருந்தார்கள்.

கேள்விக்குக் கீழே ஒருவர் தேவசகாயம் பிள்ளையைப் பற்றிக் கேட்டிருந்தார், அதையும் தொட்டுவிடுகிறேன். 1712-ல் நட்டாலத்தில் நீலகண்ட பிள்ளையாகப் பிறந்து, அரண்மனை அலுவலில் இருந்து, 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் பெற்று, 1752 ஜனவரி 14 அன்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டவர். உடல் கோட்டாறு சவேரியார் கோயிலில் அடக்கம். 2022 மே 15 அன்று ரோமில் புனிதராக அறிவிக்கப்பட்டார். இவ்வளவும் உறுதி. அவருக்கு இழப்புகள் வந்து மனம் நொந்திருந்தபோது டிலனாய், எல்லாம் இழந்தும் நம்பிக்கையை விடாத பைபிள் மனிதர் யோபுவின் கதையைச் சொன்னார், அங்கிருந்துதான் எல்லாம் தொடங்கியது என்பது சபை வழிவழியாகச் சொல்லிவருவது. இருவரும் ஒரே இடத்தில் வேலையில் இருந்தவர்கள், அதனால் நடந்திருக்கக்கூடியதுதான். ஆனால் என்ன பேசினார்கள் என்று பக்கத்தில் இருந்து குறிப்பெடுத்தவர் யாருமில்லை. புலியூர்க்குறிச்சியில் முட்டிடிச்சான் பாறை இருக்கிறதே, அவர் தாகத்தில் முட்டியால் இடித்துத் தண்ணீர் வந்த இடம் என்பார்கள். அது நம்பிக்கை. அதை வரலாற்றின் தராசில் வைக்க நான் முயல்வதில்லை, வைக்கவும் கூடாது. எனக்கு நெருடுவது வேறு. தன்னால் மனம் மாறியதாகச் சொல்லப்படும் நண்பரை மன்னரின் ஆட்கள் சுட்டுக் கொன்ற பிறகும், டிலனாய் அதே மன்னரிடம் வேலையில் இருந்தார், மன்னர் இறக்கும்வரை. அப்புறம் அடுத்த மன்னரிடமும். பயமா, கடமையா, போக்கிடம் இல்லையா? கல் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

டிலனாய்க்குப் பிறகு கோட்டையின் கதை சுருக்கம். திப்புவின் ஆட்களில் பிடிபட்டவர்களைக் கொஞ்ச காலம் இங்கே அடைத்துவைத்திருந்தார்கள். 1795-ல் தலைநகரம் திருவனந்தபுரத்துக்குப் போனதும் கோட்டையின் முக்கியத்துவமும் கூடவே போய்விட்டது. 1809 பிப்ரவரியில், தலக்குளத்துக்காரரான வேலுத்தம்பி தளவாயின் கிளர்ச்சியை ஒடுக்க ஆரல்வாய்மொழி வழியாக உள்ளே வந்த கம்பெனிப் படை உதயகிரியையும் பிடித்துக்கொண்டது. இத்தனை பாடுபட்டுக் கட்டிய மதில் அன்று பெரிதாகக் கைகொடுக்கவில்லை என்பது கொஞ்சம் கசப்பான விஷயம்தான். அதன்பின் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பல காலம் தங்கினார்கள். 1956 நவம்பர் 1-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது இன்னொரு விசித்திரம் நடந்தது: அரண்மனை இன்றுவரை கேரள அரசின் தொல்லியல் துறை வசம். கோட்டை அப்படி இல்லை. ஒரே மன்னர், ஒரே காலத்தில் ஒன்றையொன்று நம்பிக் கட்டியவை. இன்று ஒன்றைப் பார்த்துவிட்டு அடுத்ததற்கு வந்தால் சீட்டும் வேறு, சொல்லும் கதையும் வேறு.

கேள்விப்பட்டவற்றில் இன்னும் இரண்டைத் தட்டிவிடுகிறேன். அரண்மனைக்கும் கோட்டைக்கும் சுரங்கப்பாதை உண்டு என்று ஊரில் எல்லோரும் சொல்வோம், சின்ன வயதில் நானும் சொல்லியிருக்கிறேன். இந்தப் பக்கம் பழைய கட்டடம் எது இருந்தாலும் அதற்கு ஒரு சுரங்கம் வைக்காமல் விடமாட்டோம். ஆதாரம் காட்டும்வரை அதைக் குழந்தைகளுக்குத் தூக்கக் கதையாக வைத்துக்கொள்ளலாம். அடுத்து, "ஆசியாவிலேயே முதன்முதலாக ஐரோப்பியரைத் தோற்கடித்த மன்னர்" என்ற வாசகம். இது சரியில்லை. 1510-ல் கோழிக்கோட்டைத் தாக்கிய போர்த்துகீசியர் செம்மையாக அடி வாங்கித் திரும்பினார்கள். 1662-ல் தைவானில் இதே டச்சு நிறுவனத்தின் கோட்டையைச் சீனத் தளபதி கொக்ஸிங்கா பிடித்தார். குளச்சல் பெரிய வெற்றிதான், அதற்கு இந்தப் பொய்ப் பட்டம் தேவையில்லை. அந்த ஒரே நாளில் டச்சுக்காரர் மூட்டை கட்டிவிட்டார்கள் என்பதும் இல்லை. 1753-ல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை போட்டுத்தான் இங்கே தலையிடுவதை நிறுத்தினார்கள், கொச்சியில் 1795 வரை இருந்தார்கள்.

மறுபடி போவீர்களானால் காலையில் கதவு திறந்த உடனே போங்கள். உச்சி வெயிலில் கல்லெழுத்து தெரியாது. வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போதுதான் வெட்டுக்குள் நிழல் தங்கி எழுத்து எழுந்து நிற்கும். கையில் சின்ன டார்ச் இருந்தால் போதும், கல்லுக்குக் கொஞ்சம் தள்ளிப் பக்கத்தில் இருந்து அடித்துப் பாருங்கள். படம் எடுப்பதற்கும் அதே உபாயம்தான். தயவுசெய்து சாக்பீஸ் தேய்க்காதீர்கள், மாவு பூசாதீர்கள், தண்ணீர் ஊற்றித் துடைக்காதீர்கள். ஒருமுறை பிள்ளைகளோடு போனபோது யாரோ வெள்ளைச் சாக்பீஸால் எழுத்தின் மேலேயே எழுதி வைத்திருந்தார்கள், அதுவும் ஒரு எழுத்தைத் தப்பாகப் படித்து, அந்தத் தப்பின் மேலேயே. அன்று வந்த எல்லோருக்கும் கல்லில் உள்ளது மறைந்து சாக்பீஸில் உள்ளதுதான் தெரிந்தது. ஈரக் காகிதத்தைக் கல்லில் ஒட்டி, தூரிகையால் தட்டி, மை ஒற்றி எடுக்கும் மைப்படி முறை உண்டு. பாதுகாக்கப்பட்ட இடத்தில் அதைத் துறையின் அனுமதியோடு பழகினவர்கள்தான் செய்யவேண்டும். உங்கள் பிள்ளைகள் ஆசைப்பட்டால், வீட்டில் ஒரு நாணயத்தின் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்க்கச் சொல்லுங்கள், அடிப்படை விஷயம் அதில் புரிந்துவிடும்.

அப்புறம், டிலனாயின் கல்லோடு திரும்பிவிடாதீர்கள். அந்தச் சிற்றாலயத்துக்குள் அவர் தனியாக இல்லை. மனைவி பக்கத்தில் இருக்கிறார். மகனும் இருக்கிறான். திருவிதாங்கூருக்காகக் களக்காட்டுச் சண்டையில் அடிபட்டு, அப்பாவுக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்த பையன். ஆக, அப்பாவின் கல்லை இங்கே கொண்டுவந்து வைப்பதற்கு முன்பே மகனுடையது இருந்தது. என்னோடு வந்த பிள்ளைகளில் பாதிப்பேர் பெரிய கல்லின் முன் படம் எடுத்துவிட்டு மான் பார்க்க ஓடிவிடுவார்கள். அந்த வயதில் நானும் ஓடியவன்தான்.